மூல ஒலி, மோடம் வழியாக மட்டும்

செங்குட்டுவன் எழுந்தான். மோட்டார் போட்டான். கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துவந்து காய்ச்சினான். பல் தேய்த்தான். மாடித் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். குளித்தான். சட்டையைத் தேய்த்தான். எட்டு மணிக்கு நான்கு இட்லி சாப்பிட்டான். பசித்ததா என்று யோசிக்கவில்லை. எட்டு மணி ஆகிவிட்டால் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்ச் சுவரில் மனைவி மிருதுளாவின் படம். படத்துக்குக் கீழே மாமியார் லேமினேட் செய்து மாட்டிய அட்டை. அதில் பூப்போட்ட எழுத்தில்: "நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க. எனக்காக அவசரப்படாதீங்க." அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "கடைசியாகச் சொன்னது." அதற்கும் கீழே, இன்னும் சின்னதாக, போன் கம்பெனியின் முத்திரை.

கிட்டத்தட்ட ஒரு வருடமாக அவன் நேரத்துக்குச் சாப்பிடுகிறான். அவசரப்படுவதில்லை. அவசரப்பட ஒன்றும் இல்லை.

தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாமியார் நாகரத்தினம் வந்து இறங்கினாள். நெய்வேலியிலிருந்து முதல் பஸ். கையில் வாழை இலைக் கட்டு.

"நாளைக்குக் காலையில சீக்கிரமே வந்துடறேன்னுட்டார் ஐயர். எள்ளு, தர்ப்பை எல்லாம் அவரே கொண்டாந்துருவார். நீங்க கைலியோட நிக்காம வேட்டி கட்டிக்குங்க மாப்பிள்ளை."

செங்குட்டுவனின் அப்பா உயிரோடு இருந்திருந்தால் ஐயர் கேட்டைத் தாண்டியிருக்க மாட்டார். செங்குட்டுவனுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். தலையாட்டினான்.

"கம்பெனிலேர்ந்து மெசேஜ் வந்துது. குத்துவிளக்குப் படம் போட்டு. இன்னைக்குச் சாயங்காலம் தசமி பொறக்குதில்ல, பொறந்த உடனே அவ கடைசியா பேசின மூல ஒலியை சாந்தி பண்ணிருவாங்களாம். எவ்வளவு மரியாதை பாருங்க."

"சாந்தின்னா?"

"அழிச்சிடறது. அதைத்தான் நல்லபடியா சொல்லியிருக்காங்க."

தட்டை வைத்துவிட்டுத் திரும்பினான். "ஒரு வருஷம் வச்சிருக்கணும் அத்தை. இன்னும் பத்துப் பதினொரு நாள் இருக்கு."

"இங்கிலீஷ் தேதியா, திதியான்னு கேட்டாங்க. நான் திதின்னு அழுத்திட்டேன். செத்துப்போனவளுக்குத் தேதியா பாப்பாங்க? இந்த வருஷம் திதி முன்னாலேயே வந்துருச்சு."

"நான் அதைக் கேக்கணும்."

"எதை?"

"அவ நிஜமா என்ன சொன்னான்னு."

நாகரத்தினம் முந்தானையால் அட்டையைத் துடைத்தாள். தூசி ஒன்றும் இல்லை. "அவ நிஜமா பேசினதை நான் இருபத்தெட்டு வருஷம் கேட்டிருக்கேன். நெய்வேலில எங்க பிளாக்கே கேட்டிருக்கு. கடைசியா ஒரே ஒரு தடவை மரியாதையா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிருக்கா. அதையும் ஏன் மாப்பிள்ளை கெடுக்கணும்?"

*

போன் கம்பெனியின் இன்மொழி வந்த புதிதில் அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. குரலை அப்படியே அனுப்பினால் அலைவரிசை செலவாகிறது. பேசுகிறவர் சொல்ல வருவதை மட்டும் சுருக்கி அனுப்பிவிட்டு, மறுமுனையில் அவர் குரலிலேயே புதிதாகப் பேசவைத்தால் மிச்சம். எப்படியும் புதிதாகத்தான் பேசப்போகிறது, கொஞ்சம் நன்றாகவே பேசட்டுமே என்று ஏதோ ஒரு மேனேஜருக்குத் தோன்றியிருக்கிறது. இருமல் போயிற்று. திக்கல் போயிற்று. கெட்ட வார்த்தை போயிற்று. ஒரு மழைக்காலத்துக்குள் தமிழ்நாடே போனில் கல்யாணப் பத்திரிகை போலப் பேச ஆரம்பித்தது.

கடன் வசூலிக்கிறவர்கள் மிரட்டியது தாலாட்டாகப் போய்ச் சேர்ந்தது. யாரும் கட்டவில்லை. அவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். டாக்டருக்குப் போன் செய்த நோயாளிகள் எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள். மாமியார் மருமகள் சண்டை நேரில் பார்த்தால் மட்டும் வந்தது. அதனால் ஜனங்கள் நேரில் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். குடும்ப ஒற்றுமைக்காகக் கம்பெனிக்கு ஒரு விருதும் கொடுத்தார்கள். கம்பெனிக்காரர் ஏற்புரையைப் போனில் நிகழ்த்தினார்.

செங்குட்டுவனுக்கு இவை எதிலும் அக்கறை இல்லை. அவனை உறுத்தியது ஒரு சொல்தான்.

அன்று மிருதுளா போனில் "என்னங்க" என்று ஆரம்பித்தாள். அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. காலேஜில் ஒரே வகுப்பு. அன்றிலிருந்து "டேய்"தான். மணமேடையில் புகை நடுவே, மைக் பக்கத்தில் இருப்பது தெரியாமல், "டேய், மாலை குத்துதுடா" என்றாள். மண்டபமே கேட்டது. நாகரத்தினம் அன்று சாப்பிடவில்லை.

அந்தக் கடைசிப் போன் வந்தபோது அவன் தான் வேலை பார்க்கும் என்ஜினியரிங் காலேஜில், ஆய்வுக் கமிட்டி முன்னால் நின்றிருந்தான். கமிட்டி சாப்பாட்டுக்குக் கிளம்புகிற நேரம். "என்னங்க, லேசா சளி. படுத்திருக்கேன். நீங்க இருந்து சாப்பிட்டுட்டே வாங்க" என்று குரல் வெளியிலும் கேட்டது. கமிட்டித் தலைவர், "குடும்பம்னா இப்படி இருக்கணும்" என்றார். செங்குட்டுவன் சிரித்தான். நாலு பேர் முன்னால் "என்னங்க" கேட்க நன்றாகத்தான் இருந்தது. "லஞ்ச் முடிஞ்சதும் வரேன்" என்றான். அதற்குப் பதிலாக அவள் குரலில் வந்ததுதான் இப்போது அட்டையில் இருக்கிறது. பக்கத்தில் நின்ற சக ஆசிரியன் ஜெரால்டு காதோரம் கேட்டான்: "உன் பொண்டாட்டியாடா அது? சிம் மாறிப்போச்சா?"

அதற்கும் சிரித்தான். பிறகு சாப்பிட்டான். பாயசம் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டான். வீட்டுக்குப் போனபோது அவள் ஹாலில் கிடந்தாள். நுரையீரலில் ரத்தக்கட்டி என்றார் டாக்டர். "கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

லேசான சளி என்று அவளே சொல்லியிருந்தால் அது விதி. சொல்லவில்லை என்றால் அது வேறு. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு வருடம் இட்லி தின்றிருக்கிறான். இன்று சாயங்காலத்துக்குப் பிறகு எப்போதும் தெரியாது.

*

கம்பெனிக்குப் போன் செய்தான். அவன் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. மறுமுனையில் ஒரு பெண் நெகிழ்ந்துபோனாள். "இவ்வளவு அன்பா இதுவரைக்கும் யாரும் பேசினதில்லை சார்" என்றாள். அவள் நிஜத்தில் என்ன சொன்னாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

நேரில் போனான். தில்லைநகரில் கண்ணாடிக் கட்டடம். கோகுல்நாத் என்று பெயர் குத்தியிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "என்னய்யா?" என்றான். நேரில் பேசும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

செங்குட்டுவன் விஷயத்தைச் சொன்னான். கோகுல்நாத் திரையைத் தட்டினான்.

"இந்தக் கால்ல பதற்றத் தணிப்பு ஓடியிருக்கு."

"அப்படின்னா?"

"ஒருத்தர் பதறினா அது அடுத்தவருக்குப் பரவக் கூடாதில்ல. மாஸ்க் போடற மாதிரி. விஷயம் வரும், பதமா வரும்."

"அவ மூச்சுத் திணறி இருந்தா?"

"மூச்சும் இரைச்சல்லதான் சேர்த்தி சார். மூச்சு, மிக்ஸி, தெருநாய் எல்லாம் ஒரே கணக்கு. எடுத்துரும்."

"எனக்கு மூல ஒலி வேணும்."

"தாராளமா. கேட்டா குடுக்கணும்னு சட்டமே இருக்கு. குடுக்க மாட்டேன்னு யார் சொன்னா?"

"குடுங்க."

"எப்படிக் குடுக்கணும்னும் போட்டிருக்கே. தரைவழி மோடம் மூலமா, தரவா மட்டும். சட்டம் எழுதினவன் எந்தக் காலத்து ஆர்டரைப் பார்த்துக் காப்பி அடிச்சானோ. நாங்களும் திருத்தச் சொல்லல."

"ஏன்?"

"எதுக்குச் சொல்லணும்? இதுவரைக்கும் ஒருத்தன் வாங்கலையே." மூலையைக் காட்டினான். அங்கே ஒரு மேஜை, அதன்மேல் ஒரு மோடம், போன் வயர் வழியாகக் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் பழைய பெட்டி. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனம், குங்குமம், காய்ந்த சாமந்திப்பூ. "ரெடியா வச்சிருக்கோம். சட்டத்தை மதிக்கிற கம்பெனி. நீங்க உங்க மோடத்துலேர்ந்து கூப்பிட்டு எடுத்துக்கலாம். ஆனா ஒண்ணு, உங்க வீட்டம்மா திதி கணக்குல போட்டிருக்காங்க. அஞ்சே முக்காலுக்கு தசமி. அதுக்குள்ள எடுக்கணும்."

"அவங்க என் மாமியார்."

"எல்லாம் ஒண்ணுதான் சார்."

*

பழைய மோடம் திருச்சியில் ஒரே இடத்தில் இருந்தது. செங்குட்டுவனின் லேப் அலமாரியில், "தகவல் தொடர்பின் வரலாறு" என்ற பலகைக்குக் கீழே. கமிட்டி வரும்போது மட்டும் திறக்கிற அலமாரி. அன்று மிருதுளாவின் போன் வந்தபோது அவன் இந்த அலமாரி முன்னால்தான் நின்றிருந்தான்.

ஜெரால்டு சாவியோடு வந்தான். மோடத்தை மேஜைப் போன் வயரில் சொருகினார்கள். நம்பரைச் சுழற்றினார்கள். மோடம் தன் பழைய கீச்சுக் குரலில் கத்தியது. பதிலுக்கு அந்தப் பக்கத்து மோடமும் கத்தியிருக்க வேண்டும். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது: "அழாதீங்க கண்ணு. எல்லாம் சரியாயிடும்."

"என்னடா இது?" என்றான் ஜெரால்டு.

"இன்மொழி. மோடம் கத்தறதைக் குழந்தை அழறதா எடுத்துக்கிச்சு."

மறுபடி முயன்றார்கள். இந்தத் தடவை "நலம்தானே? வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்று வந்தது. இரண்டு மோடங்களும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று குசலம் விசாரித்துக்கொண்டன.

"எந்த லைன்ல போட்டாலும் இதே கதிதான்" என்றான் ஜெரால்டு. "குரல்னு நினைச்சா கொஞ்ச ஆரம்பிச்சிடுது."

செங்குட்டுவன் அலமாரியின் அடுத்த தட்டிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு பழைய மொபைலை எடுத்தான். கூடவே ஒரு கேபிளும், தடிமனான பழைய லேப்டாப்பும். "அப்ப இதைக் குரலாவே அனுப்பக் கூடாது. இந்தப் போன்ல டேட்டா கால்னு ஒண்ணு உண்டு. கத்தாது. எண்களாத்தான் டவருக்குப் போகும். டவருக்கு அந்தப் பக்கம் இருக்கற பெட்டிதான் மோடம் மாதிரி கத்தி அவங்க மோடத்தோட பேசும்."

"எந்த டவருடா? இந்த ஜாதிப் போனுக்கு டவரை எல்லாம் எப்பவோ கழட்டிட்டானுங்க."

"ஒண்ணு மிச்சம் இருக்கு. மோட்டார் டவர்."

ஜெரால்டு அவனைப் பார்த்தான். பிறகு பைக் சாவியை எடுத்தான். "என் மாமனார் கொல்லப்போறாரு."

வயலுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே போன் போட்டு பம்புசெட்டை ஓடவிடும் கருவி டெல்டா முழுக்க உண்டு. எல்லாம் அந்தக் காலத்துச் சிம்மில் ஓடுவது. அந்த டவர்களை நிறுத்தப்போவதாக ஒரு தடவை அறிவித்தார்கள். விவசாயிகள் ரயிலை மறித்தார்கள். டவர்கள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இன்மொழி அந்தப் பக்கம் போகவில்லை. மோட்டாருடன் மரியாதையாகப் பேச வேண்டியதில்லை.

*

லால்குடி தாண்டி வாய்க்கால் ஓரம். ஜெரால்டின் மாமனார் அமல்தாஸ் வாழைத்தோட்டத்து மோட்டார் கொட்டகை வாசலில் வழியை மறித்து நின்றார்.

"யாரைக் கேட்டுய்யா என் மோட்டார் சிம்மைக் கழட்டுறீங்க?"

"உங்களைக் கேட்டுத்தான் மாமா. இப்பக் கேக்கறோம்."

"காலேஜ்ல வாத்தியார்னு பொண்ணைக் குடுத்தேன். இங்க வந்து ஸ்டார்ட்டரைப் பிரிச்சுக்கிட்டு நிக்கிறான். என் வாழை காஞ்சா உன் சம்பளத்துலயா தண்ணி பாய்ச்சுவேன்?"

ஒரு வருடத்தில் செங்குட்டுவன் கேட்ட முதல் முழு வசவு அது. நன்றாக இருந்தது. "ஐயா, என் சம்சாரம் கடைசியா பேசினது கம்பெனில மாட்டிக்கிச்சு. சாயங்காலம் அழிச்சிடுவாங்க. அதை எடுக்கணும்" என்றான்.

அமல்தாஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அதை மொதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றார். "அஞ்சு மணிக்கு மூணு ஃபேஸ் கரண்ட் வந்துரும். வந்துட்டா ஊரே மோட்டாருக்குப் போன் போடும். டவர்ல ஈ நுழைய முடியாது. பாத்துக்க."

மோட்டாரின் சிம் பழைய போனில் உட்கார்ந்தது. செத்துப்போயிருந்த பேட்டரிக்குப் பதிலாக லேபிலிருந்து கொண்டுவந்த பவர் சப்ளையைக் கொட்டகைக் கரண்டில் மாட்டினார்கள். போனையும் லேப்டாப்பையும் கேபிளால் இணைத்துக் உர மூட்டைமேல் வைத்தார்கள். போன் திரையில் சிக்னல் கிடைத்ததற்கான டவர் படம் வந்தது. செங்குட்டுவன் கோகுல்நாத் கொடுத்த நம்பரை அடித்தான்.

ஒரு சத்தமும் இல்லை. யாரும் நலம் விசாரிக்கவில்லை. "இணைந்தது" என்று திரையில் வந்தது. தில்லைநகரில், காய்ந்த சாமந்திக்குக் கீழே, இரண்டாவது விளக்கு எரிந்திருக்கும்.

கோப்பு இறங்கத் தொடங்கியது. ஒரு நிமிடப் பேச்சு, நத்தை போல ஊர்ந்து வந்தது. ஜெரால்டு இரண்டு தடவை "வருதாடா?" என்று கேட்டான். பாதியில் தொடர்பு அறுந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கொட்டகை பல்பு பளிச்சென்று பிரகாசமானது.

"மூணு ஃபேஸ்" என்றார் அமல்தாஸ். வாய்க்கால் நெடுக மோட்டார்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன. டவரை ஊரே முட்டிக்கொண்டிருந்தது. பிடித்த இணைப்பை விட்டால் மறுபடி கிடைக்காது. அமல்தாஸ் தன் மோட்டாரைப் பார்த்தார், வாழையைப் பார்த்தார், பீடி பற்றவைத்தார்.

"முடிந்தது" என்று வந்தது. ஐந்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால். நெய்வேலிப் பெண் ஒருத்தி சாந்தி அடைவதற்கும் கொஞ்சம் முன்னால்.

செங்குட்டுவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சத்தம் குறைவாக இருந்த வரப்புக்குப் போனான். ஜெரால்டு பின்னாலேயே வந்தான். ஓடவிட்டான்.

"டேய்."

அவ்வளவுதான் முதலில். பிறகு மூச்சு. கிழிந்த துணியை இழுப்பது போல ஒரு மூச்சு, அதன்மேல் இன்னொரு மூச்சு. கம்பெனி மிக்ஸியோடு சேர்த்து எடுத்துப்போட்ட மூச்சு.

"டேய் குட்டுவா. மூச்சு இழுக்க முடியலடா. நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. அந்தக் கமிட்டிக்காரனுங்களை விட்டுட்டு வா. வந்து தொலைடா."

ஜெரால்டு அவன் தோளில் கை வைத்தான். செங்குட்டுவன் அதைக் கவனிக்கவில்லை. இனி வரவேண்டியது அவன் பதில். "லஞ்ச் முடிஞ்சதும் வரேன்." அந்தச் சனியனைக் கேட்கத் தயாராக நின்றான்.

அவன் குரல் வந்தது. "இதோ வந்துட்டே இருக்கேம்மா. பக்கத்துல வந்துட்டேன். நீ பயப்படாதே கண்ணு."

"நல்லவேளை, இதையாவது சொன்னியே" என்றான் ஜெரால்டு.

"நான் சொல்லல."

"உன் குரல்டா."

"குரல் என்னுது." அவன் மறுபடி மறுபடி அந்த ஒரு வரியை ஓடவிட்டான். கோப்பு அவள் போன் முனையில் பதிவானது, அவள் காதில் விழுந்தது இதுதான். அவளுடைய பதற்றத்தை மட்டும்தான் தணித்திருப்பார்கள் என்று நினைத்திருந்தான். போனுக்கு இரண்டு முனை உண்டு என்பது டெலிகாம் பாடம் நடத்துகிறவனுக்குத் தோன்றவில்லை.

வந்துட்டே இருக்கேன். தமிழர்கள் போனில் கோடிக்கணக்கான தடவை சொன்ன பதில் அது. கைலியைக்கூட மாற்றாமல், வாயில் பிரஷ்ஷோடு, பக்கத்துல வந்துட்டேன் என்று சொன்ன பதில். யார் எப்போது வரச்சொன்னாலும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று இன்மொழி நம்மிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறது.

கோப்பில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சுவரில் அட்டையாகத் தொங்கும் இடம். நேரத்துக்குச் சாப்பிடுங்க, அவசரப்படாதீங்க.

ஓடவிட்டான். மூச்சு. நீண்ட நேரம் மூச்சு மட்டும். அவள் அந்தக் "கண்ணு"வையும் "ம்மா"வையும் காதில் வைத்து யோசிக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. இந்த முனையில் "என்னங்க"வைக் கேட்டவன் அப்படி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

பிறகு, இருந்த மூச்சையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பேசினாள்.

"யோவ், யாருய்யா நீ? போனை அவன்கிட்ட குடு."